வெள்ளிக்கிழமை பொருந்திய பிளாக்

வெள்ளிக்கிழமை சொகுசாக உட்கார்ந்த வாட்டர் பிளாக், திங்கட்கிழமை உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஃபாத்திஹா முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள், பிறகு தன் கையைச் சந்தேகப்பட்டாள். பிளாக்கைத் தூக்கித் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் படிந்தது, மறுபக்கம் கால் உடைந்த நாற்காலி மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது.

மலாக்காவில் பாச்சாங் என்னும் இடத்தில், சாப்பாட்டுக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கும் கம்ப்யூட்டர் கடை அவளுடையது. அவளைப் பெற்ற அத்தா அப்துல் ஹமீது மத்தியானத் தொழுகை முடித்துவிட்டு வந்து கல்லாவில் உட்காருவார். உள்மேசையில் அவளோடு வேலை செய்பவன் விமலன். ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பையன். கடைக்கு வந்து சில வருஷம் ஆகிறது, அவளை அக்கா என்றும் அத்தாவை மாமா என்றும் கூப்பிடுவான். இந்த மூன்று பேரை விட்டால் கடையில் வேறு ஆள் கிடையாது.

வீடியோ எடிட் செய்பவர்களும் கேம் பைத்தியங்களும் கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறது, காத்தாடி போதவில்லை என்று அவளிடம் வருவார்கள். கார்டின் மேலிருக்கும் காத்தாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு செம்புக் கட்டியைப் பொருத்தி, அதற்குள் தண்ணீரை ஓடவிடுவாள். அந்தக் கட்டிக்குத்தான் வாட்டர் பிளாக் என்று பெயர். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் கார்டு செய்கிற கம்பெனிக்காரன் சும்மா இருக்க மாட்டான். கொஞ்ச காலம் ஒரே மாதிரி விற்றுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் உள்ளே இருக்கும் போர்டை மாற்றிவிடுவான். பெட்டியும் பெயரும் மாறாது, அட்டையில் இருக்கும் படம்கூட மாறாது. உள்ளே மட்டும் ஒரு கெப்பாசிட்டர் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உயர்ந்து நிற்கும். பழைய போர்டுக்குச் செய்த பிளாக் புதியதில் உட்காராது. அழுத்தித் திருகினால் போர்டு விரிசல் விட்டுவிடும். எது எந்தப் போர்டு என்று கண்டுபிடிக்க ஒரே வழி, காத்தாடியைக் கழற்றி ஓரத்தில் பொடியாக அச்சடித்திருக்கும் ரிவிஷன் நம்பரைப் படிப்பதுதான்.

ஃபாத்திஹா அதை வெள்ளிக்கிழமையே படித்திருந்தாள். பழைய ரிவிஷன். பிளாக்கை வைத்துப் பார்த்தாள், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. குழாய்கள் வந்து சேராததால் காத்தாடியைத் திரும்ப மாட்டி, கார்டைப் பெட்டியில் போட்டு, 'தினேஷ்வரன், கிளேபாங்' என்று தன் கையாலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி, கல்லாவுக்குப் பின்னால் ராக்கில் வைத்தாள். இடையில் சனியும் ஞாயிறும் போயின. ஞாயிறு கடை பூட்டு.

"முட்டுது கா," என்றான் விமலன். எட்டிப் பார்த்து ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினான். "இந்த கெப்பாசிட்டர் பாருங்க, ஒசரமா நிக்குது."

"வெள்ளிக்கிழமை முட்டலையே."

"அதான் கா எனக்கும் புரியல. நானும் பாத்தேனே, நல்லா ஒக்காந்துச்சு."

கைபேசி வெளிச்சத்தைப் போட்டு ஓரத்து எழுத்தைப் படித்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. புது ரிவிஷன். இரண்டு நாளில் போர்டு வளருமா? வெண்டைக்காயா இது? பெட்டியைத் திருப்பினாள். அவள் எழுத்துதான், அவள் ஒட்டிய ஸ்டிக்கர்தான். ஆனால் ஸ்டிக்கரின் ஒரு முனை மடங்கியிருந்தது, அடியில் பசையோடு அட்டைத் தூள் ஒட்டியிருந்தது. ஒரு பெட்டியிலிருந்து பிரித்து இன்னொரு பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். கார்டு தவறிப்போய் மாறவில்லை. யாரோ உட்கார்ந்து, நிதானமாக, நகத்தால் சுரண்டி மாற்றியிருக்கிறார்கள். 

அந்த நேரம் பார்த்துத் தினேஷ்வரன் வந்து நின்றான். கிளேபாங்கில் கல்யாண வீடியோ எடுப்பவன். கார்டுக்குள் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கையில் கோக்கனட் ஷேக்கோடு வந்திருந்தான், கடையில் எல்லாருக்கும் சேர்த்து.

"என்ன கா, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

மறைக்கத் தெரியாதவள் ஃபாத்திஹா. மனதில் இருப்பதெல்லாம் அவளுக்கு முகத்திலும் வாயிலும் வந்துவிடும். அதனால் கடைக்கு நல்ல பேர் உண்டு, கெட்ட பேரும் உண்டு. "இது உன் கார்டு இல்ல தினேஷ்," என்று போட்டு உடைத்தாள்.

"என்ன கா சொல்றீங்க? அப்ப என் கார்டு எங்க?"

அவள் பெட்டியை மறுபடி திருப்பிப் பார்த்தாள். மனது பின்னோக்கி ஓடியது. சனிக்கிழமை அவள் கடையிலேயே இல்லை. சித்தி மகள் அமானியின் நிக்காஹ்வுக்குச் செர்காம் போயிருந்தாள். அத்தா காலையில் அங்கே தலையைக் காட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அத்தாவைக் கணக்கில் சேர்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. கார்டு என்றால் அவருக்குத் தெரிந்தது கல்யாணக் கார்டு மட்டும்தான். உள்ளே இருந்தவன் விமலன். கடையைப் பூட்டியவனும் விமலன். போன வாரம் அவன் கேட்டதும் சேர்ந்து ஞாபகம் வந்தது. அனிமேஷன் படிக்கும் தங்கச்சி கலைமகளுக்கு ஒரு மெஷின் கட்டுகிறானாம். "அக்கா, இதே கார்டு, பழைய ரிவிஷன் எங்கயாச்சும் கெடைச்சா சொல்லுங்க. நல்ல பிளாக் எல்லாம் அதுக்குத்தான் ஒக்காருது," என்றிருந்தான்.

பழைய ரிவிஷன் எது, புதியது எது என்று கடையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

"சனிக்கிழமை நீதானே பூட்டுன?" என்றாள்.

"ஆமா கா. பெட்டி அங்கதான் இருந்துச்சு, ராக்ல."

"வேற யாரு உள்ள வந்தா?"

"நான் இருந்தப்ப யாரும் வரல. மத்தியானம் ஆயர் கெரோவுக்கு டெலிவரி போயிட்டுப் பூட்டுற நேரத்துக்குத்தான் வந்தேன், அதுவரைக்கும் மாமா இருந்தாரு." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "என்ன கா கேக்குறீங்க?"

தினேஷ்வரன் விமலனைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அவளை முடுக்கிவிட்டது என்று பிறகு அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அது பொய். யாரும் அவளை முடுக்கவில்லை. வாய் அவளுடையது.

"உன் பைய கொஞ்சம் தொறந்து காட்டு விமலா."

 விமலன் அவளைப் பார்த்தான். கோபப்படுவான், கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. மேசைக்கடியிலிருந்து பையை எடுத்து, கார்டுக்குப் பக்கத்தில் வைத்து ஜிப்பைத் திறந்தான். மழைச்சட்டையை எடுத்து வெளியே வைத்தான். சாப்பாட்டு டப்பாவை வைத்தான், மூடியையும் திறந்தான். சோறும் நெத்திலி சம்பலும் இருந்தன. மோட்டார் சைக்கிள் கையுறை, சார்ஜர், மடித்த கைக்குட்டை. பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினான். ஒரு காய்ந்த வேப்பிலை விழுந்தது.

திருடியவன் சனிக்கிழமை எடுத்ததைத் திங்கட்கிழமை பையில் வைத்துக்கொண்டா வருவான்? அந்தச் சின்னப் புத்திகூட அப்போது அவளுக்கு வேலை செய்யவில்லை. விமலன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்தான். கடைச் சாவியை மேசை மேல் வைத்தான். மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு வாங்கிவந்த கோக்கனட் ஷேக் அப்படியே வேர்த்து நின்றது.

தினேஷ்வரன் போகாமல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கலாமா என்று ஒருமுறை கேட்டான். ஃபாத்திஹா தலையாட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. கூடப் பிறந்த தம்பி மாதிரி வைத்திருந்தேனே, இப்படிச் செய்துவிட்டானே என்று அவளுக்கு ஆறவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அது துரோகம் செய்யப்பட்டவளின் கண்ணீர் என்று நினைத்துத்தான் அழுதாள்.

அப்துல் ஹமீது தொழுகை முடிந்து சாவகாசமாக வந்தார். தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார், பிரித்துப் போட்ட கார்டைப் பார்த்தார்.

"என்ன மா, இன்னும் முடியலையா?"

"இது தினேஷ் கார்டு இல்ல அத்தா. யாரோ மாத்திட்டாங்க."

"யாரோ என்ன யாரோ. நான்தான் மாத்துனேன்."

அவர் அதைச் சொன்ன விதம், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நான்தான் தடவினேன் என்று சொல்கிற மாதிரி இருந்தது. ஃபாத்திஹா கையிலிருந்த பிளாக்கைக் கீழே வைத்தாள்.

"சனிக்கெழம நம்ம அஹமது ஓடி வந்தான்," என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அஹமது அதே வரிசையில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்பவர். "மூவார்லேருந்து ஆள் வந்து காடிய ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு நிக்கிறான், இந்தக் கார்டுதான் வேணுங்கிறான், எனக்கு வர வேண்டியது சாயங்காலம்தான் வரும் பாய், ஒண்ணு கைமாத்தா குடுங்கன்னான். ராக்ல இருந்துச்சு. பேரு எழுத்து எழுத்தா ஒத்துப் பாத்துத்தான் குடுத்தேன். சாயங்காலம் சொன்ன மாதிரி கொண்டாந்து குடுத்துட்டான் லா. பெட்டியில ஒரு கீறல் கெடையாது."

"ஸ்டிக்கர்?"

"அதையும் நான்தான் பிரிச்சு இதுல ஒட்டுனேன். பேரு இல்லாம வெச்சா நாளைக்கு வேற யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துருவீங்கல்ல."

அவரைத் திட்டவும் முடியாது. மலாக்கா டவுனில் ஆயுசில் பாதிக்கு மேல் மளிகைக் கடை வைத்திருந்த மனிதர். பக்கத்துக் கடையில் அரிசி தீர்ந்தால் இங்கிருந்து ஒரு மூட்டை போகும். சாயங்காலத்துக்குள் அதே மார்க்கு மூட்டை திரும்பி வரும். இங்கே எண்ணெய் தீர்ந்தால் அங்கிருந்து டின் வரும். போன மூட்டைதான் திரும்பி வந்ததா என்று எவனும் கேட்டதில்லை. மார்க்கு ஒன்றாக இருந்தால் சரக்கு ஒன்றுதான். அந்தக் கைமாத்தில்தான் அந்தத் தெருவே ஓடியது. பெட்டிக்குள் இருக்கும் போர்டில் ஒரு கெப்பாசிட்டர் உயர்ந்து நிற்கும் என்று அவருக்கு யார் சொன்னது?

"அலமாக்," என்று தினேஷ்வரன் மெதுவாகத் தலையில் கை வைத்தான்.

விஷயம் தெரிந்ததும் கிழவர் பதறிப்போய் அஹமதைக் கூப்பிட்டார். அஹமது மூவார்காரரை அழைத்தார். மூவார்காரர் காத்தாடியோடுதான் ஓட்டப்போகிறார், எந்தப் போர்டாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். புதன்கிழமை இந்தப் பக்கம் வருகிறேன், மாற்றிக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். இரண்டு போனில் கார்டு கிடைத்துவிட்டது. தினேஷ்வரனும் எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பி, "அந்தத் தம்பிகிட்ட நானும் சாரி சொன்னேன்னு சொல்லுங்க கா," என்றான்.

"எந்தத் தம்பி?" என்று கேட்டார் ஹமீது. அப்போதுதான் அவர் உள்மேசையைப் பார்த்தார். "விமலன் எங்க மா?"

ஃபாத்திஹா சொன்னாள். சொல்லும்போதுதான், ஒவ்வொரு வார்த்தையாக அது அவள் காதிலேயே விழுந்தது. பையைத் திறக்கச் சொன்னேன், திறந்தான், சோற்று டப்பாவையும் திறந்து காட்டினான்.

"பையப் பாத்தியா?"

"பாத்தேன் அத்தா."

அவர் முகம் அப்படிச் செத்துப்போய் அவள் பார்த்ததே இல்லை. உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த அன்றைக்குக்கூட அவர் நாலு பேரிடம் நின்று பேசினார். இப்போது சட்டைப் பையிலிருந்த தொப்பியை எடுத்துப் பிரித்தார், மறுபடி மடித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மா," என்றார் கடைசியில்.

போனை அவன் எடுக்கவில்லை. அத்தா நானும் வருகிறேன் என்று எழுந்தார். வேண்டாம், செய்தவள் நான் என்று சொல்லிவிட்டுத் தானே காடியை எடுத்தாள். ஜாசின் வரைக்கும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், வரிசையில் ஓரத்து வீடு. வாசலில் அவன் மோட்டார் நின்றது.

விமலனின் அம்மா கருப்பாயி கதவைத் திறந்ததும் முகமெல்லாம் மலர்ந்தார். "அட, வாம்மா, வாம்மா. ஒக்காரு. விமலா, உங்க அக்கா வந்திருக்காங்க பாரு." உள்ளே ஓடிப்போய்ப் பாலில்லாத தே ஓ கலக்கத் தொடங்கினார். "கடைக்கு இன்னிக்கு பாதி லீவுன்னு சொன்னான். நல்லதுதான்மா, பிள்ள தெனமும் ஓடுறான். எப்பப் பாத்தாலும் எங்க அக்கா கடை, எங்க அக்கா கடைம்பான். இவனுக்குத்தான் கடையே சொந்தம்போல, அப்படிப் பேசுவான்."

நடந்ததை அவன் வீட்டில் சொல்லவில்லை. ஃபாத்திஹா ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட அந்த அம்மாவிடம் சொல்லக்கூடியதாக இல்லை. அந்த அம்மா கொடுத்த கண்ணாடிக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 

விமலன் வந்து அவளை வெளியே மோட்டார் பக்கத்துக்கு அழைத்துப் போனான். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அஹமது, மூவார், கைமாத்து, ஸ்டிக்கர், மன்னிச்சிரு தம்பி, மன்னிச்சிரு. அவன் கேட்டுக்கொண்டே நின்றான்.

"மாமாவா," என்றான். லேசாகச் சிரித்தான், அதில் சிரிப்பு இல்லை. "அதே பெட்டிதான் கா. மாமா எடுத்தா கைமாத்து, நான் எடுத்தா திருட்டு."

"அப்படி இல்ல விமலா."

"மாமா இன்னிக்குச் சொல்லலன்னா?"

   அத்தா சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் அவள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பாள். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"எங்கம்மா முந்தி ஃபேக்டரியில இருந்தாங்க," என்றான் விமலன். குரலை உயர்த்தவே இல்லை, உள்ளே கேட்டுவிடக் கூடாதே என்று. "வேல முடிஞ்சு வர்றப்ப கேட்ல பையத் தொறந்து காட்டணும். எல்லாரும் காட்டணும், அங்க ரூல் அது. எங்கம்மாவுக்கு அதுல கோவமே இல்ல. இங்க ரூலே இல்ல கா. இத்தன வருஷத்துல நீங்க யாரு பையும் பாத்ததில்ல. என் பைய மட்டும் பாத்தீங்க."

"நாளைக்கு வந்துரு தம்பி. சாவிய உன் கையிலயே குடுக்குறேன்."

"சாவி வேண்டாம். ரூல் போடுங்க. தெனமும் நான் போறப்ப என் பையப் பாருங்க. அப்புறம் வர்றேன்."

"என்னால முடியாது. நான் பாக்க மாட்டேன்."

"அப்ப என்னாலயும் வர முடியாது கா. நாளைக்கு இன்னொரு பெட்டி காணாமப் போகும். மறுபடி உங்க மூஞ்சியப் பாத்து நான் நிக்கணுமா?"

கருப்பாயி வாசலுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், மீன் ஹலால்தான், பயப்படாதே என்று வேடிக்கையாகச் சொன்னார். ஃபாத்திஹா சிரிக்க முயன்றாள். கிளம்பும்போது, "சரி தம்பி, நீ சொன்ன மாதிரியே. நாளைக்கு வந்துரு," என்றாள் விமலனிடம். திரும்பும் வழியில் காடியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதாள். காலையில் வந்த கண்ணீர் தனக்காக. இது வேறு.

மறுநாள் காலை விமலன் வந்தான். எல்லாருக்கும் முன்னால் வந்து, கடை திறக்கும்வரை வெளியே நின்றான். ஹமீது அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, "பரவால்ல மாமா, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றான். வேலையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், கேட்காததைப் பேசவில்லை. முன்பெல்லாம் ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டு அவள் தேடினால் கிண்டல் செய்வான். இன்று தானே குனிந்து தேடி எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மறந்திருப்பான் என்று அவள் சாயங்காலம்வரை நம்பினாள். கடை சாத்தும் நேரம் அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பையைக் கல்லா மேல் வைத்து, ஜிப்பை முழுக்கத் திறந்துவிட்டு நின்றான்.

"வேண்டாம் விமலா," என்றாள்.

அவன் நகரவில்லை. கோபமாகவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நின்றான். ஹமீது முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை அவள் பார்த்தாள். வெளியே டயர் கடைக்காரன் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, சலாம் சொல்லிவிட்டுப் போனான். விமலன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவள் பார்க்காமல் அவன் போக மாட்டான், பார்க்காவிட்டால் நாளைக்கு வரவும் மாட்டான்.

ஃபாத்திஹா குனிந்து பைக்குள் பார்த்தாள். மழைச்சட்டை இருந்தது, கழுவிய சாப்பாட்டு டப்பா இருந்தது.

"பாத்துட்டீங்களா கா?"

"பாத்துட்டேன்."

விமலன் ஜிப்பை இழுத்து மூடி, "சரி, நாளைக்கு வர்றேன்," என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தான்.